கரித்தணலில் கனத்த ஸ்டேக்: சிவப்பாகச் சாப்பிடப் பிடிக்காதவர்களுக்கும்

களியக்காவிளை, மார்த்தாண்டம், பாறசாலை என்று தமிழக-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இப்போது அல்ஃபாம் கடை இல்லாத ஜங்ஷனைக் காண்பது கடினம். வளைகுடாவிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் வீட்டு முற்றத்திலேயே அடுப்பு போட்டுக் கோழி சுடுகிறார்கள். கரித்தணல் நமக்குப் பழகிய விஷயம்தான். ஆனால் கோழியில் கை தேர்ந்தவர்கள்கூட, ஒரு கிலோ எடையில் இரண்டு அங்குலக் கனத்தில் ஒரே துண்டாக மாட்டிறைச்சியை, அதாவது ஸ்டேக்கை, வைத்தால் தடுமாறிப் போகிறார்கள். மேலே கரிந்துவிடும், உள்ளே பச்சையாகவே இருக்கும். சரி, இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று விட்டால் நடுப்பகுதி வேகும். ஆனால் அதற்குள் ஓரமெல்லாம் மெல்ல முடியாதபடி வறண்டிருக்கும்.

"ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிஷம் வைக்கணும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கனத்த துண்டுக்கு இந்த நிமிஷக் கணக்கு உதவாது. துண்டின் கனம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து எவ்வளவு நேரம் ஆயிற்று, கரி எவ்வளவு, காற்று எப்படி என்று பல விஷயங்கள் சேர்ந்து நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். புரிந்துகொள்ள வேண்டியது வேறு ஒன்று. தணல் முழுவதையும் அடுப்பின் ஒரு பாதியில் குவித்துவிட்டு, மறு பாதியை வெறுமனே விட வேண்டும். இறைச்சியை முதலில் அந்த வெறும் பாதியில் வைத்து, மூடி போட்டு, மெதுவாக வேகவிட வேண்டும். நடுப்பகுதி கிட்டத்தட்ட வெந்த பிறகுதான் தணலுக்கு நேர் மேலே நகர்த்தி முறுகச் சுட வேண்டும். அமெரிக்காவில் இதற்கு ரிவர்ஸ் சியர் என்று பெயர். முதலில் சுட்டுவிட்டுப் பிறகு வேகவைக்கும் பழைய வழக்கத்துக்கு நேர் எதிரான வரிசை. சிவப்பைக் கண்டாலே தட்டைத் தள்ளிவைக்கும் நம்மூர் ஆட்களுக்குத்தான் இந்த முறை மற்ற எவரையும்விட அதிகம் தேவை என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று பார்ப்போம்.

மேலே ஒரு சூடு, உள்ளே ஒரு சூடு

இறைச்சியின் மேற்பரப்பு பழுப்பேறி, மொறுமொறுப்பாகி, அந்த வாசம் வர வேண்டுமென்றால் அது சுமார் 140 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். அந்தச் சூட்டில் புரதத்தின் கூறுகளும் சர்க்கரையும் வினைபுரிந்து எத்தனையோ மணங்களையும் சுவைகளையும் உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் 1912-இல் இதை விவரித்ததால் மையார் வினை என்கிறார்கள். நம் பீஃப் வறுவல் கடைசிக் கட்டத்தில் தேங்காய்க்கொத்தோடு கறுத்து வரும்போது எழும் வாசமும் இதனால்தான். இதில் ஒரு நிபந்தனை உண்டு: மேற்பரப்பில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. ஈரமான இறைச்சி முதலில் அவியும், பிறகுதான் பழுப்பாகும்.

நடுப்பகுதிக்கு இவ்வளவு சூடு வேண்டியதில்லை. 55 முதல் 63 டிகிரி போதும். இறைச்சியின் புரதங்கள் 50 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்குகின்றன. 65-ஐத் தாண்டினால் நார்கள் நன்றாகச் சுருங்கி, உள்ளே இருக்கும் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். நாம் ரப்பர் மாதிரி என்று குறைசொல்லும் ஸ்டேக் எல்லாம் இந்த எல்லையைத் தாண்டியதுதான்.

அரை அங்குலத் துண்டாக இருந்தால் கவலையில்லை. மேலே பழுப்பேறும் நேரத்தில் உள்ளேயும் வெந்துவிடும். கனம் கூடக் கூடத்தான் சிக்கல். வெப்பம் இறைச்சிக்குள் மிக மெதுவாகவே ஊரும். கனம் இரண்டு மடங்கானால் நடு வேக ஆகும் நேரம் மூன்று, நான்கு மடங்கை நெருங்கும். அவ்வளவு நேரமும் தணலுக்கு நேர் மேலேயே கிடந்தால் ஓரம் 80, 90 டிகிரிக்குப் போன பிறகும் நடு 50-ஐத் தொட்டிருக்காது. வெட்டிப் பார்த்தால் சுற்றிலும் சாம்பல் நிறத்தில் வறண்ட பட்டை, நடுவில் சிறிய சிவப்பு.

தணல் இல்லாத பாதியில் மூடிக்குள் காற்றின் சூடு 110 முதல் 130 டிகிரி வரைதான் இருக்கும். அங்கே ஓரத்துக்கும் நடுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் சூடு ஏறும். இன்னொரு லாபமும் உண்டு. அங்கே கிடக்கும் நாற்பது ஐம்பது நிமிஷத்தில் மேற்பரப்பு நன்றாகக் காய்ந்துவிடும். அதனால் கடைசியில் தணல் மேல் வைத்ததும் அவியாமல் உடனே பழுப்பேறத் தொடங்கும்.

முதலில் நன்றாகச் சுட்டால் சாறு உள்ளேயே அடைபட்டுவிடும் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டஸ் ஃபான் லீபிக் 19-ஆம் நூற்றாண்டில் பரப்பிய கருத்து அது. உண்மையில்லை; சுட்ட மேற்பரப்பு சாற்றைத் தடுக்காது. சுட்டுக்கொண்டிருக்கும்போதே வரும் அந்த 'ஸ்ஸ்' சத்தம் சாறு வெளியேறி ஆவியாகும் சத்தம்தான்.

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தில் ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ள, 'T' வடிவ எலும்போடு கூடிய டி-போன் துண்டை நேராகக் கரித்தணல் மேல் வைத்து, பக்கத்துக்குச் சில நிமிஷம் மட்டும் சுட்டு எடுத்துவிடுவார்கள். பிஸ்டெக்கா அல்லா ஃபியோரென்டினா என்ற பேர்பெற்ற உணவு அது. அவர்களுக்கு மெதுவான பக்கம் தேவைப்படாததற்குக் காரணம், நடுப்பகுதி சிவப்பாக இருப்பதைத்தான் அவர்கள் விரும்புகிறார்கள். நடுப்பகுதியை 60 டிகிரிக்கு மேல் கொண்டுபோக நினைக்கிற நாம் அதே வழியில் போனால் ஓரம் முழுக்கப் பாழாகும். இங்கேதான் வெறும் பாதி நமக்குக் கைகொடுக்கிறது.

தட்டில் தேங்கும் சிவப்புச் சாறு ரத்தம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது தண்ணீரோடு கலந்த மையோகுளோபின் என்ற தசைப் புரதம். ரத்தம் அறுக்கும்போதே பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. இதைச் சொன்ன பிறகு ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கத் துணிந்தவர்களும் உண்டு.

எத்தனை டிகிரியில் எடுப்பது? நடுவில் 52 என்றால் நல்ல சிவப்பு. 55, 57 என்றால் ரோஜா நிறம், சாறும் அதிகம். 60 முதல் 63 வரை லேசான ரோஜா, பெரும்பகுதி பழுப்பு. 70-ஐத் தாண்டினால் முழுக்கப் பழுப்பு. நம் பக்கத்துக் கடை இறைச்சிக்கு நான் சொல்வது 63. அமெரிக்க வேளாண்மைத் துறை முழுத்துண்டு மாட்டிறைச்சிக்கு வைத்திருக்கும் அளவும் 63 டிகிரி, கூட மூன்று நிமிஷ ஓய்வு. முழுத்துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், அது தணலில் செத்துவிடும். ஆனால் தசைக்குள்ளே நாடாப்புழுவின் இளம்பருவக் கூடுகள் இருக்க வாய்ப்புண்டு. கால்நடைச் சோதனை எப்படி நடந்தது என்று தெரியாத இடத்தில் வாங்கும்போது 63 வரை போவதே நல்லது. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் 71 வரை வேகவைத்துக் கொடுங்கள். கொத்திய இறைச்சிக்கு யாராக இருந்தாலும் 71தான், ஏனென்றால் அதில் மேற்பரப்பு என்பது உள்ளே எல்லா இடத்திலும் கலந்துபோயிருக்கிறது.

கடையில் என்ன கேட்பது

நம் இறைச்சிக்கடைகளில் வாங்கப் போகிறவர் பெரும்பாலும் கறி வைக்கத்தான் வாங்குகிறார். கடைக்காரரின் கையும் அதற்கே பழகியிருக்கும். எடை போட்ட அடுத்த நொடி கத்தி இறங்கும். அதனால் முதலிலேயே "அண்ணே, நுறுக்காண்டாம், ஒத்தத் துண்டாட்டு தாங்க" என்று சொல்லிவிடுங்கள். கூட்டம் இல்லாத நாளில், காலையில் சீக்கிரம் போனால் பொறுமையாக வெட்டித் தருவார்.

எந்தப் பகுதி என்பது முக்கியம். மாடு அதிகம் வேலை வாங்காத தசைதான் ஸ்டேக்குக்கு ஆகும். கால், தோள், கழுத்து எல்லாம் நாள் முழுக்க உழைத்த தசைகள். அவற்றில் இணைப்புத் திசு அதிகம். அது 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் வெந்தால்தான் இளகும். கறிக்கும் சூப்புக்கும் அருமை, தணலுக்கு ஆகாது. முதுகெலும்பின் இரண்டு பக்கமும், விலா எலும்புகளுக்கு மேலாக நீளமாக ஓடும் இறைச்சியைக் கேளுங்கள். அதில் விலாப் பகுதியில் வருவது ரிப்-ஐ, அதற்குப் பின்னால் இடுப்பை நோக்கி வருவது சர்லாயின். எலும்போடு இரண்டு அங்குலக் கனத்தில் வெட்டச் சொல்லலாம். முதுகெலும்புக்கு உட்புறம் ஒட்டிக் கிடக்கும் அண்டர்கட் மிக மிருதுவானது. நம் கடைக்காரர்களுக்குப் பழகிய பெயர் என்பதால் கேட்டதும் எடுத்துத் தருவார்கள். ஆனால் அதில் கொழுப்பு இல்லை, சுவையும் கொஞ்சம் மட்டு. முதல்முறை செய்கிறவருக்கு அண்டர்கட் பயமில்லாதது. ருசிக்கு எலும்போடு கூடிய விலாப் பகுதிதான்.

நம் பக்கம் பல கடைகளில் கிடைப்பது போத்து, அதாவது எருமை. நிறம் ஆழ்ந்த சிவப்பாக இருக்கும், கொழுப்பு வெள்ளை வெளேரென்று இருக்கும். மாட்டின் கொழுப்பில் இருக்கும் மஞ்சள் சாயல் அதில் வராது. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் துண்டுகளில் தசைக்குள்ளேயே வெள்ளைக் கோடுகளாகக் கொழுப்பு ஓடும். தானியம் கொடுத்து வளர்த்த மாட்டின் அடையாளம் அது. போத்தில் அப்படி இராது. கொழுப்பு குறைந்த இறைச்சி ஒரு சில டிகிரி கூடினாலே வறண்டுவிடும். அந்த வீடியோக்காரர் அஜாக்கிரதையாக விட்டுத் தப்பிப்பதை நாம் செய்ய முடியாது. மெதுவாக வேகவைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு வித்தியாசம்: விடிகாலையில் அறுத்தது காலையிலேயே விற்பனைக்கு வரும். 'புத்தம் புது இறைச்சி' கறிக்கு நல்லதாக இருக்கலாம். ஆனால் அறுத்த சில மணி நேரத்தில் தசைகள் விறைத்துக்கொள்ளும், மாட்டில் அந்த விறைப்பு தளர ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகும் தசையிலேயே இருக்கும் நொதிகள் நார்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டிருக்கும். அதனால்தான் மேலைநாட்டு ஸ்டேக் கடைகள் இறைச்சியை வாரக்கணக்கில் குளிரில் தொங்கவிடுகின்றன. வீட்டில் அவ்வளவு நாள் வைக்க வேண்டாம், வைக்கவும் கூடாது. வாங்கி வந்து, துடைத்து, ஒரு தட்டின் மேல் கம்பித் தாங்கி வைத்து, 4 டிகிரிக்குக் குறைவான ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் வைத்தாலே வித்தியாசம் நாக்கில் தெரியும்.

பச்சைப் பப்பாளி அரைத்துப் பூசுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பப்பாளி நொதி உள்ளே இறங்காது, மேலே மட்டும் கூழாக்கும். மிளகாய்த்தூள், கரம் மசாலா, எல்லாம் கடைசிச் சூட்டில் கரிந்து கசக்கும். இவ்வளவு பெரிய துண்டுக்கு உப்பு ஒன்றே போதும். எலும்பு நீங்கலாக ஒரு கிலோவுக்கு 10 முதல் 12 கிராம், அதாவது தூளுப்பு இரண்டு டீஸ்பூன். முந்தைய இரவே எல்லாப் பக்கமும் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பு முதலில் தண்ணீரை வெளியே இழுக்கும், அப்புறம் அந்த உப்புநீர் மெல்ல உள்ளே திரும்பும். காலையில் பார்த்தால் மேற்பரப்பு தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்து, நிறம் இருண்டிருக்கும். அதுதான் வேண்டியது. இரவு முடியாவிட்டால் சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தடவுங்கள்.

சிரட்டைக்கரி

இந்த ஒரு விஷயத்தில் நமக்கு யாரும் ஈடில்லை. இஸ்திரிக் கடைக்காரர்கள் பெட்டியில் போடும் அதே சிரட்டைக்கரி பார்பிக்யூவுக்கு அருமையான எரிபொருள். நல்ல சூடு தரும், புகை குறைவு, வாசம் சுத்தம். கரியாக்காத வெறும் சிரட்டையைப் போட்டுவிடக் கூடாது. அது தாரும் கறுப்புப் புகையுமாக எரிந்து இறைச்சியில் கசப்பை ஏற்றும். சிரட்டைக்கரி மெல்லிய சில்லுகளாக இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றை அடைத்துவிடும். பொடியைச் சலித்து ஒதுக்கிவிட்டு, பெரிய துண்டுகளை மட்டும் எடுங்கள். கையில் மரக்கரி இருந்தால் பாதிக்குப் பாதி கலந்தால் தணல் அதிக நேரம் நிற்கும். ஒரு கிலோ இறைச்சிக்கு ஒன்றரை, இரண்டு கிலோ கரி தயாராக இருக்கட்டும்.

ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் நனைக்கும் ஊர் நம்முடையது. கரி சாக்கில் சும்மா கிடந்தாலே ஈரம் குடிக்கும். ஈரக் கரி படபடவென்று வெடிக்கும், சூடு ஏறாது. முந்தைய நாள் வெயிலில் ஒரு முறை பரப்பி எடுங்கள்.

மூடி உள்ள எந்த அடுப்பும் ஆகும். ட்ரம்மை நெடுக்காகப் பிளந்து வெல்டிங் பட்டறையில் செய்து வாங்குகிறவர்கள், உள்ளே முன்பு என்ன இருந்தது என்று விசாரித்து வாங்குங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வேண்டாம், அதிகச் சூட்டில் அதன் புகை உடம்புக்குக் கெடுதல். அடியிலும் மூடியிலும் திறந்து மூடக்கூடிய துளைகள் அவசியம். அவைதான் உங்கள் கையில் இருக்கும் ரெகுலேட்டர்.

கரி பற்றவைக்க மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், அந்த வாடை இறைச்சியில் ஏறும். இரண்டு பக்கமும் திறந்த ஒரு தகர உருளைக்குள் கரியை நிரப்பி, அடியில் காய்ந்த தேங்காய்க் கதம்பையும் தென்னம்பாளையும் வைத்துக் கொளுத்தினால் போதும். காற்று கீழிருந்து இழுத்து, பதினைந்து இருபது நிமிஷத்தில் மேல்கரி வரை சாம்பல் பூத்துவிடும். அதை அடுப்பின் ஒரு பாதியில் கொட்டுங்கள். மறு பாதியில் ஒரு துண்டு கரிகூட இருக்கக் கூடாது. கொழுப்பு சொட்டுவதைப் பிடிக்க அங்கே ஒரு பழைய தட்டு வைக்கலாம். கம்பிவலை மட்டத்தில் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். தணல் பக்கம் இரண்டு மூன்று நொடிக்கு மேல் கை நிற்கக் கூடாது. வெறும் பக்கம் எட்டு, பத்து நொடி நிற்க வேண்டும்.

சுடுவது

இறைச்சியை வெறும் பக்கத்தில், எலும்பு தணலைப் பார்க்கும்படி வையுங்கள். மூடியை அதன் துளை இறைச்சிக்கு நேர் மேலே வரும்படி மூடுங்கள். தணலிலிருந்து எழும் சூடான காற்று இறைச்சியைத் தழுவிக்கொண்டுதான் வெளியேறும். அடித்துளையைப் பாதி மூடி வைத்தால் சூடு நிதானமாக இருக்கும். அப்புறம் மூடியை அடிக்கடி திறக்காமல் இருப்பதுதான் வேலை. பாதியில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள்.

ஊசிமுனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்த ஒரு செலவைத் தவிர்க்க வேண்டாம். ஐஸ் தண்ணீரில் விட்டு 0 காட்டுகிறதா என்று முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இறைச்சியின் பக்கவாட்டிலிருந்து, நடுப்பகுதிக்கு, எலும்பில் படாமல் குத்த வேண்டும். எலும்பில் பட்டால் தப்பான எண் காட்டும். விரலால் அழுத்திப் பார்த்துச் சொல்வது வருஷக்கணக்கில் சுட்டவர்களுக்கு வரலாம், தொடங்குகிறவருக்கு வராது. இரண்டு அங்குலத் துண்டென்றால் 25-ஆவது நிமிஷத்திலிருந்து பாருங்கள். 54, 55 டிகிரிக்கு வர நாற்பது நிமிஷமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். எண்ணுக்காகக் காத்திருங்கள், கடிகாரத்துக்காக வேண்டாம்.

55 வந்ததும் எடுத்து ஒரு தட்டில் வைத்துவிட்டு, அடித்துளையை முழுக்கத் திறந்து தணலை ஊதிவிடுங்கள். கரி வாடியிருந்தால் உருளையில் கொஞ்சம் புதுக்கரி பற்றவைத்துச் சேருங்கள். சாம்பல் உதிர்ந்து தணல் செக்கச் சிவந்ததும், இறைச்சியில் மெல்லிசாகத் தேங்காயெண்ணெய் தடவி நேர் மேலே வையுங்கள். அரை நிமிஷத்துக்கு ஒரு முறை திருப்புங்கள். ஒரே தடவைதான் திருப்ப வேண்டும் என்பதில் எந்தப் பொருளும் இல்லை. அடிக்கடி திருப்பினால் சீராகச் சிவக்கும். பக்கத்துக்கு மொத்தம் ஒன்று, ஒன்றரை நிமிஷம் போதும். ஓரத்துக் கொழுப்பையும் இடுக்கியால் பிடித்து நிறுத்திச் சுடுங்கள். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் தெளிக்காதீர்கள், சாம்பல் பறந்து இறைச்சியில் ஒட்டும். வெறும் பக்கத்துக்கு நகர்த்திவிட்டு, தீ அடங்கியதும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

நடுவில் 60 காட்டும்போது எடுத்துவிடுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய மண்சட்டியில் மீன்குழம்பு கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும் இல்லையா, அதுபோல எடுத்த பிறகும் ஓரத்துச் சூடு உள்ளே இறங்கி நடுவை 62, 63 வரை கொண்டுபோகும். ஐந்து நிமிஷம் விட்டு இன்னொரு முறை குத்திப் பாருங்கள். 63 வராவிட்டால் வெறும் பக்கத்தில் இரண்டு நிமிஷம் மூடி வைத்தால் சரியாகிவிடும். நல்லமிளகைக் கொரகொரப்பாகப் பொடித்து இப்போது தூவுங்கள். முன்பே போட்டிருந்தால் கரிந்திருக்கும்.

வெட்டுவதில் கவனம் வேண்டும். எலும்பைத் தனியே எடுத்துவிட்டு, நார் எந்தப் போக்கில் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்காக அரை அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். நாரோடு சேர்த்து நீளமாக நறுக்கினால் நல்ல இறைச்சியும் பல்லுக்கு வேலை வைக்கும். குறுக்கே வெட்டும்போது ஒவ்வொரு வாயிலும் நார் சிறுசிறு துண்டாகவே இருக்கும். போத்துக்கு இது மிகவும் தேவை. கூட, வேகவைத்து மசித்த மரச்சீனியும், காந்தாரி மிளகும் சின்ன வெங்காயமும் உப்பும் சேர்த்து நசுக்கித் தேங்காயெண்ணெய் விட்ட சம்மந்தியும் வையுங்கள். உருளைக்கிழங்கைவிட இந்த இறைச்சிக்கு மரச்சீனிதான் சேரும்.

மிச்சம் வந்தால் துண்டாகவே ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் மெல்லிசாக நறுக்கி, வதங்கிய வெங்காயத்தில் கடைசியில் போட்டு ஒரே பிரட்டு பிரட்டி இறக்குங்கள்.

வேலை முடிந்ததும் மேல்துளை, கீழ்த்துளை இரண்டையும் மூடிவிட்டால் காற்றில்லாமல் தணல் அணையும், மிஞ்சிய கரி அடுத்த முறைக்கு ஆகும். மழை வந்துவிட்டதென்றோ குளிர்கிறதென்றோ அடுப்பை வீட்டுக்குள்ளோ, மூடிய கார் ஷெட்டுக்குள்ளோ தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அணைந்ததுபோல் தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. மலைப்பக்கத் தங்கும் விடுதிகளில் கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி உயிர்போன செய்திகள் வந்திருக்கின்றன. முற்றத்திலேயே தார்ப்பாயை உயரமாக இழுத்துக் கட்டி, நான்கு பக்கமும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் சாம்பலைத் தொட்டுப் பார்த்து, முழுக்க ஆறியிருந்தால் மட்டும் அள்ளித் தென்னை மூட்டில் போடுங்கள்.